எங்கே நிற்கலாம்? ரூட் 66 வழியே ஒரு பீர் வரைபடமும் கிரீன் புக்கும்

அமெரிக்காவில் படிக்கும் நண்பர் ஒருவர், கோடை விடுமுறையில் சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை காரில் போகத் திட்டமிட்டிருக்கிறார். கூட மூன்று நண்பர்கள். பழைய ரூட் 66 சாலையைப் பிடித்துப் போவதாக ஏற்பாடு. அவர்கள் போட்ட வரைபடத்தை எங்களுக்கு அனுப்பியிருந்தார். தங்கும் விடுதி, பெட்ரோல் பங்க் எல்லாவற்றுக்கும் முன்பாக அதில் குறிக்கப்பட்டிருந்தவை சிறிய பீர் ஆலைகள். ‘கிராஃப்ட் பீர்’ என்று சொல்கிறார்களே, அதைச் சிறு அளவில் அங்கேயே காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் இடங்கள். செயின்ட் லூயிஸில் ஒன்று, டல்சாவில் ஒன்று, அல்புகெர்க்கியில் ஒன்று, ஃபிளாக்ஸ்டாஃபில் ஒன்று. பகலில் ஓட்டம், மாலையில் ஆலை, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் அறை. குடித்தவர் அன்று காரைத் தொடக் கூடாது என்ற விதியும் எழுதியிருந்தார்கள்.

மது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்கு நாம் இங்கே வரவில்லை. அந்த வரைபடத்தைப் பார்த்தபோது, அதே சாலைக்கு ஒரு காலத்தில் இருந்த இன்னொரு பட்டியல் நம் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றித்தான் இளம் தோழர்களோடு பேச விரும்புகிறோம். நீண்ட பயணத்தில் எங்கே நிறுத்துவது என்று யோசிப்பது சிலருக்கு இன்பம். அதே கேள்வி சிலருக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்திருக்கிறது.

ஒரு தபால்காரரின் பட்டியல்

1936-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டார். கறுப்பின வாகன ஓட்டிகள் பயமில்லாமல் நிற்கக்கூடிய இடங்களின் பட்டியல் அது. நியூயார்க் வட்டாரத்தில் தொடங்கி விரைவிலேயே நாடு முழுவதற்கும் விரிந்தது. விடுதிகள், உணவகங்கள், பெட்ரோல் பங்குகள், முடிதிருத்தும் கடைகள், மதுக்கூடங்கள் என்று ஊர்வாரியாக முகவரிகள். விடுதியே இல்லாத ஊரில், வழிப்போக்கருக்குத் தம் வீட்டில் ஓர் அறை கொடுக்க முன்வந்த கறுப்பினக் குடும்பங்களின் முகவரிகள். மக்கள் அதைச் சுருக்கமாக ‘கிரீன் புக்’ என்றார்கள்.

கார் என்பது அன்றைய கறுப்பின நடுத்தரக் குடும்பத்துக்கு வெறும் வசதி இல்லை. தென் மாநிலங்களில் ரயிலிலும் பேருந்திலும் தனிப் பெட்டி, பின் இருக்கை என்ற அவமானம் இருந்தது. சொந்தக் கார் இருந்தால் அதிலிருந்து தப்பலாம். ஆனால் காருக்குப் பெட்ரோல் வேண்டும், மனிதருக்குச் சோறும் தூக்கமும் கழிப்பறையும் வேண்டும். எங்காவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்?

நிறுத்தும் இடத்தில்தான் சாதி போல நிறம் வந்து நின்றது. பொழுது சாய்ந்த பிறகு கறுப்பினத்தவர் எல்லைக்குள் இருக்கக் கூடாது என்று அறிவித்த ஊர்கள் இருந்தன. ‘சன்டவுன் டவுன்’ என்று அவற்றுக்குப் பெயர். இவை தெற்கில் மட்டும் இருந்ததாக நாம் நினைத்துவிடக் கூடாது. வடக்கிலும் மேற்கிலும் ஏராளமாக இருந்தன. ரூட் 66 கடந்து சென்ற 89 மாவட்டங்களில் 44 இப்படிப்பட்டவை என்று, கிரீன் புக் வரலாற்றை ஆராய்ந்த கேண்டஸி டெய்லர் குறிப்பிடுகிறார். சுதந்திரத்தின் அடையாளமாக அமெரிக்கா கொண்டாடும் சாலையில் ஏறக்குறையப் பாதித் தூரம் இரவில் நிற்க முடியாத தூரம்.

ஆகவே அன்றைய பயணத் திட்டம் வேறு மாதிரி இருந்தது. சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொள்வார்கள். தண்ணீர், போர்வை, கேனில் பெட்ரோல், கழிப்பறைக்காக ஒரு வாளி எல்லாம் வண்டியிலேயே இருக்கும். சிலர் ஓட்டுநர் தொப்பி ஒன்றையும் வைத்திருந்தார்கள். போலீஸ் மறித்து “இது யார் கார்?” என்று கேட்டால், முதலாளியின் கார் என்று சொல்லித் தப்புவதற்கு. தன் காரைத் தன்னுடையது என்று சொல்ல முடியாத நிலை.

இதைப் படிக்கும்போது நமக்கு 1901-ன் மாட்டுவண்டிப் பயணம் நினைவுக்கு வராமல் இருக்காது. சதாராவிலிருந்து தந்தையைப் பார்க்கக் கோரேகான் புறப்பட்ட சிறுவன் அம்பேத்கர், மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி, இரட்டைக் கட்டணம் பேசி ஒரு வண்டியைப் பிடித்தார். தீட்டுக்கு அஞ்சி வண்டிக்காரர் ஓட்ட மறுத்ததால் பிள்ளைகளே ஓட்ட வேண்டியிருந்தது. இரவு சுங்கச் சாவடியில் நின்றபோது கூடையில் உணவு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அதனால் பட்டினியாகவே படுத்தார்கள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன் நினைவுக் குறிப்பில் இதை அவர் எழுதியிருக்கிறார். கையில் உணவும் பணமும் இருந்தும் நிற்க இடமில்லாத பயணம் எப்படி இருக்கும் என்பது நமக்குப் புதிதல்ல.

காய்ச்சிய கைகள்

பீருக்கு வருவோம். அமெரிக்க பீர் வரலாறு என்றால் ஜெர்மானியக் குடியேறிகள், பிறகு பெரிய ஆலைகள், பிறகு கலிஃபோர்னியாவின் தாடி வைத்த இளைஞர்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு முந்தைய அத்தியாயம் ஒன்று உண்டு. தாமஸ் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ பண்ணையில் பீர் காய்ச்சியவர் பீட்டர் ஹெமிங்ஸ். அவர் அடிமை. 1813-ல் ஜோசப் மில்லர் என்ற ஆங்கிலேயரிடம் தானியத்தை முளைக்கவைத்து மால்ட் ஆக்குவதையும் பீர் காய்ச்சுவதையும் கற்றுக்கொண்டு, பிறகு தானே அந்த வேலையை நடத்தினார். ஜெஃபர்சனின் பீருக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் இருந்தது. ஜெஃபர்சன் 1826-ல் இறந்தார். அடுத்த ஆண்டு அவருடைய சொத்துகள் ஏலத்துக்கு வந்தபோது பீட்டர் ஹெமிங்ஸும் அந்தச் சொத்துகளில் ஒன்று. விடுதலை பெற்றிருந்த உறவினர் ஒருவர் 1 டாலர் கொடுத்து அவரை வாங்கினார்.

உழைப்பும் நுட்பமும் அடிமையுடையது, பெயர் ஆண்டையுடையது. இந்தக் கணக்கும் நமக்குத் தெரிந்ததுதான்.

பூர்வகுடி மக்களின் கதை வேறு விதம். 1832-ல் அமெரிக்க அரசு அவர்களுக்கு மது விற்பதைச் சட்டத்தால் தடை செய்தது. நாடு முழுவதற்குமான மதுவிலக்கு 1920-ல் வந்து 1933-ல் போய்விட்டது. பூர்வகுடிகள் மீதான தடையோ 1953 வரை நீடித்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சீருடை அணிந்து சண்டையிட்டு வந்தவர் ஊர் திரும்பி ஒரு குவளை பீர் வாங்கினால் சட்டப்படி குற்றம். மதுவைத் தொடாதவர்கூட இதில் உள்ள அவமதிப்பைப் புரிந்துகொள்ள முடியும். மற்றவருக்கு உள்ள தேர்வு உனக்கில்லை என்பதே அந்தச் சட்டத்தின் பொருள்.

கதவு திறந்தது, கடை போனது

1964 ஜூலை 2 அன்று குடியுரிமைச் சட்டம் கையெழுத்தானது. விடுதி, உணவகம், பெட்ரோல் பங்க், திரையரங்கு ஆகியவற்றில் நிறத்தின் பெயரால் யாரையும் ஒதுக்கக் கூடாது என்றது அதன் இரண்டாம் பிரிவு. மாபெரும் வெற்றி. அதில் சந்தேகமில்லை. ஆனால் சட்டம் பயிலும் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிரிவின் பட்டியலில் மதுக்கூடம் என்று தனியாக எழுதப்படவில்லை. உணவு விற்பதை முதன்மைத் தொழிலாகக் கொண்ட இடங்கள் என்றுதான் இருந்தது. இதனால், பீர் மட்டுமே விற்கும் கூடம் அந்தப் பட்டியலுக்குள் வராது என்று 1965-ல் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சொல் விடுபட்டால் ஒரு கதவு மூடியே இருக்கும். சட்டங்களை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இன்னொரு விளைவும் இருந்தது. இப்படி ஒரு கையேடு தேவைப்படாத நாள் வரும் என்று கிரீன் தன் முன்னுரையிலேயே எழுதியிருந்தார். அவர் 1960-ல் இறந்துவிட்டார். 1966-67 பதிப்போடு கிரீன் புக் நின்றது. கறுப்பினப் பயணிகள் இப்போது எந்த விடுதிக்கும் போகலாம், போனார்கள். ஆனால் வெள்ளையர் யாரும் கறுப்பினத்தவரின் விடுதியைத் தேடி வரவில்லை. கிரீன் புக்கில் இருந்த பல கடைகள் வாடிக்கையாளரை இழந்து மூடப்பட்டன. போதாக்குறைக்குப் புதிய விரைவுச் சாலைகளைக் கறுப்பினக் குடியிருப்புகளின் நடுவே வெட்டினார்கள்.

வாடிக்கையாளராக உள்ளே போகும் உரிமை கிடைத்தது. உரிமையாளராக நிற்கும் வழி குறுகியது. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வரும் செய்தி.

ஆஷ்காஷில் ஓர் ஆலை

பீர்த் தொழிலிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அலபாமாவிலிருந்து மில்வாக்கிக்கு வந்து பாப்ஸ்ட் பீர் ஆலையில் வேலை பார்த்தவர் தியோடர் மேக். 1970-ல் அவர் தலைமையிலான குழு விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் நகரில் இருந்த ‘பீப்பிள்ஸ்’ பீர் ஆலையை வாங்கியது. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்திய முதல் பீர் ஆலை என்று அது பேசப்படுகிறது. கைமாறிய செய்தி பரவியதும் உள்ளூரில் வெள்ளையர் பலர் அதுவரை குடித்துவந்த அதே பீரை வாங்குவதை நிறுத்தினார்கள். பெரிய நிறுவனங்களின் விலைப் போட்டி ஒருபுறம், ராணுவ முகாம்களுக்கு விற்க அரசு ஒப்பந்தம் கேட்டும் கிடைக்காதது மறுபுறம். 1972-ல் ஆலை மூடப்பட்டது. காய்ச்சும் முறை மாறவில்லை. தொழிலாளர்களும் பெரும்பாலும் பழையவர்களே. மாறியது உரிமையாளரின் நிறம்.

சிறு பீர் ஆலைகளின் அலை இதற்குப் பிறகுதான் எழுந்தது. வீட்டில் பீர் காய்ச்சுவதைக் கூட்டாட்சிச் சட்டப்படி அனுமதிக்கும் மசோதாவில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்டார். அப்போது நாட்டில் 100-க்கும் குறைவான பீர் ஆலைகளே இருந்தன. இன்று 9,000-க்கு மேல். வீட்டுக் கொட்டகையில் பொழுதுபோக்காகக் காய்ச்சிப் பழகியவர்கள் வீட்டை அடமானம் வைத்தும் உறவினரிடம் கடன் வாங்கியும் ஆலை தொடங்கினார்கள். சரி, யாருக்கு அடமானம் வைக்க வீடு இருந்தது? 1934 முதல் கூட்டாட்சி வீட்டுக்கடன் அமைப்பு கறுப்பினக் குடியிருப்புகளை ஆபத்துப் பகுதி என்று ஒதுக்கிவைத்திருந்தது. வீடில்லாதவருக்கு அடமானமில்லை, அடமானமில்லாதவருக்கு ஆலையில்லை. இன்றும் அமெரிக்க பீர் ஆலைகளில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமானவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்று அந்தத் தொழிலின் சங்கமே சொல்கிறது.

ஆனால் யாரும் சும்மா இருக்கவில்லை. புரூக்ளின் பீர் ஆலையின் தலைமைக் காய்ச்சுநர் காரெட் ஆலிவர், வெள்ளையரல்லாத மாணவர்கள் இந்தத் தொழிற்கல்வியைப் படிக்க உதவித்தொகை தரும் அறக்கட்டளையை 2020-ல் தொடங்கினார். அதே ஆண்டு ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு, டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ஒரு கறுப்பினக் காய்ச்சுநர் தன் பீரின் செய்முறையைப் பொதுவில் வைத்து, காய்ச்சி விற்று வரும் பணத்தை நீதிக்கான பணிகளுக்குக் கொடுங்கள் என்று அழைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள் சேர்ந்தன.

நண்பரின் வரைபடத்துக்குச் சில புள்ளிகள்

நண்பரின் திட்டத்தை மாற்றச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. சில இடங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னோம்.

டல்சாவில் பீர் ஆலைக்குப் போகும் முன் கிரீன்வுட் பகுதியில் ஒரு மணி நேரமாவது நடக்கட்டும். 1921 மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டே நாட்களில் வெள்ளைக் கும்பல் அங்கே 35 தெருக்கட்டங்களை எரித்தது. அதே மக்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். பின்னாளில் கிரீன் புக்கில் டல்சாவுக்குக் கீழ் இருந்த முகவரிகளில் பல கிரீன்வுட்டைச் சேர்ந்தவை. அதன் பிறகு விரைவுச் சாலை வந்து அந்தப் பகுதியை மறுபடி பிளந்தது.

டல்சாவிலிருந்து ஓக்லஹோமா சிட்டி போகும் வழியில் லூதர் என்ற சிற்றூர். அங்கே த்ரெட் என்ற கறுப்பினக் குடும்பம் நடத்திய மணற்கல் பெட்ரோல் நிலையம் இன்னும் நிற்கிறது. ரூட் 66-ல் கறுப்பினப் பயணி அச்சமின்றி வண்டியை நிறுத்திய இடம். அங்கே குடிக்க எதுவும் கிடைக்காமல் போகலாம். நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

அல்புகெர்க்கியில் ‘போ அண்ட் ஆரோ’ என்ற ஆலை ஏற்கெனவே வரைபடத்தில் இருந்தது. பூர்வகுடிப் பெண்கள் இருவர் 2016-ல் தொடங்கியது. அந்த மண்ணின் நீலச் சோளத்தைப் போட்டும் பீர் காய்ச்சுகிறார்கள். இந்த ஆலை எந்த மக்களின் மூதாதையர் நிலத்தில் நிற்கிறது என்பதை மற்ற ஆலைகளும் தம் பீர் டப்பாவில் அச்சிட வேண்டும் என்று 2021-ல் ஓர் இயக்கமும் நடத்தினார்கள். வாங்கவே தடை இருந்த மக்களின் பேத்திகள் இன்று காய்ச்சுகிறார்கள். அதை ஏன் அங்கே நிற்க வேண்டும் என்பதற்கான காரணமாக நண்பர் குறித்துக்கொண்டார்.

தோழர்களே, நீங்களும் ஒரு நாள் நீண்ட பயணம் போவீர்கள். எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்று கைபேசியில் தேடுவீர்கள். அப்போது இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இங்கே நம்மை உட்கார விட்டிருப்பார்களா? இன்று இந்தக் கடை யாருடையது? முதல் கேள்விக்கான பதில் பல இடங்களில் மாறியிருக்கிறது. அதற்காகப் போராடியவர்களை நாம் மறக்கக் கூடாது. இரண்டாவது கேள்விக்கான பதிலை மாற்றும் வேலை நம்முடையது.