பள்ளிக்கு வெளியே பெற்ற கல்வி: அமெரிக்கச் சமநிலைத் தேர்வின் வரலாறு

அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தியவர்கள், வயது வந்தபின் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு நிகரான தகுதியைப் பெறுவதற்கு எழுதும் ஜி.இ.டி. என்னும் பொதுக் கல்வி வளர்ச்சித் தேர்வு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தோன்றியது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு, அவர்கள் எதைக் கற்றார்கள் என்று பாராமல், படைப்பணிக் காலத்தையே படிப்பாகக் கணக்கிட்டுக் கல்வி நிறுவனங்கள் தகுதி அளித்திருந்தமையால், அவ்வழக்கம் மீண்டும் தலைதூக்கக் கூடாது என்று கல்வியாளர்கள் கருதினர். எனவே 1942இல், மேடிசன் நகரில் இயங்கிய படையினர் கல்வி நிறுவனத்தின் தேவைக்காக, அமெரிக்கக் கல்வி மன்றத்தின் துணையோடும் அயோவா பல்கலைக்கழகத்தின் ஈ. எஃப். லிண்ட்குவிஸ்டின் தலைமையிலும் இத்தேர்வு உருவாக்கப்பட்டது.

ஆங்கில எழுத்துத் திறன், சமூக அறிவியல், இயற்கை அறிவியல், இலக்கியம், கணிதம் என முதல் வடிவத்தில் ஐந்து தாள்கள் இருந்தன. சமூக அறிவியல், இயற்கை அறிவியல், இலக்கியத் தாள்கள் மனப்பாடத்தைச் சோதிக்காமல், ஓர் உரைப்பகுதியைக் கொடுத்து, அதன் கருத்தைப் புரிந்துகொள்ளவும் அதிலிருந்து முடிவு காணவும் முடிகிறதா என்றே பெரிதும் கேட்டன. பள்ளி இறுதியாண்டு மாணவர்களிடம் இதே தேர்வை நடத்தி, அவர்கள் பெற்ற மதிப்பெண்களை அளவுகோலாகக் கொண்டு தேர்ச்சி எல்லை வகுக்கப்பட்டது; 'சமநிலை' என்பதன் பொருள் இந்த ஒப்பீடே ஆகும்.

1947இல் நியூயார்க் மாநிலம் படையில் சேராத பொதுமக்களுக்கும் தேர்வைத் திறந்துவிட்டது. 1950களின் இறுதிக்குள் தேர்வெழுதுவோரில் பொதுமக்களே பெரும்பான்மையினர் ஆயினர். 1974இல் கலிபோர்னியாவும் ஏற்றதோடு எல்லா மாநிலங்களிலும் இது நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே, வறுமை ஒழிப்பு நோக்கில் 1964இல் இயற்றப்பட்ட பொருளாதார வாய்ப்புச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் வயது வந்தோர் கல்விச் சட்டமும் கூட்டரசின் நிதியை அடிப்படைக் கல்விக்கு வழங்கியதால், வேலை முடிந்து வருவோருக்கான மாலை வகுப்புகள் பள்ளிகளிலும் சமுதாயக் கல்லூரிகளிலும் பெருகின. சிறைகளிலும் இத்தேர்வுக்கான பயிற்சி இடம்பெற்றது.

தேர்வு மாறியபோதெல்லாம் பயிற்சியும் மாற வேண்டியிருந்தது. 1988இல் கட்டுரை எழுதும் பகுதி சேர்ந்ததால், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கப் பழக்கிய வகுப்புகள், கருத்தை வரிசைப்படுத்திப் பத்திகளாக எழுதவும் கற்பிக்க நேர்ந்தது. 2014இல் தேர்வு முழுவதும் கணினிவழியாகி, தாள்கள் நான்காகி, பாடத்தரமும் உயர்ந்தபோது, விசைப்பலகையில் பழகாத முதிய தேர்வர்கள் தட்டச்சையும் சேர்த்தே கற்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டில் தேர்ச்சி பெற்றோர் தொகை கடுமையாகச் சரிந்தது. 100 முதல் 200 வரையிலான அளவில் 150 என்றிருந்த தேர்ச்சி எல்லை 2016இல் 145 ஆகக் குறைக்கப்பட்டது.

இச்சான்றிதழ் பெற்றவர்களின் வருமானம் பள்ளியை முடித்தவர்களின் வருமானத்துக்கு நிகராக இல்லை என்று பொருளியல் அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் 1993இல் ஸ்டீபன் கேமரனுடன் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். அது தேர்வெழுதியவர்களின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்கான சான்று அன்று. ஒருவர் கற்றதை அளப்பதற்குத் தேர்வு போதும், இழந்த கல்வியை ஈடுசெய்வதற்கு வகுப்பும் ஆசிரியரும் போதிய காலமும் வேண்டும் என்பதற்கான சான்றே ஆகும். ஆகவே வயது வந்தோருக்கு இரண்டாம் வாய்ப்பு அளிக்க முன்வரும் எந்த அரசும், தேர்வுக் கூடங்களுக்கு முன்பாகப் பயிற்சி வகுப்புகளுக்கே நிதி ஒதுக்க வேண்டும்.