அருவிக்கடியில் தோளும் இடுப்பும்

குற்றாலம் பேரருவியில் தண்ணீர் மலை உச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பிறகே கீழே வருகிறது. அதனால்தான் சாரல் காலத்தில் அதனடியில் நிற்க முடிகிறது. அப்படி நிற்பவரின் உடம்பில் இரண்டு மூட்டுகளுக்கு வேலை அதிகம். ஒன்று கைப்பிடிக் கம்பியைப் பற்றிய கையின் தோள்மூட்டு. மற்றொன்று வழுக்குப் பாறையில் ஊன்றிய காலின் இடுப்பு மூட்டு.

இரண்டும் ஒரே இனம். உருண்டையான எலும்புத் தலை ஒன்று, அது சுழல ஒரு குழி. ஆனால் குழியின் ஆழம்தான் இரண்டின் குணத்தையும் பிரித்துவிடுகிறது. தோளில் குழி மிக மேலோட்டமானது. கரண்டியில் வைத்த எலுமிச்சை மாதிரி. எலும்புத் தலையில் மூன்றில் ஒரு பங்குகூட அதில் பதிவதில்லை. அதைப் பிடித்து நிறுத்துவது எலும்பல்ல, சுற்றியிருக்கும் நான்கு சிறு தசைகளும் அவற்றின் நாண்களும். இடுப்பிலோ தொடை எலும்பின் தலை பாதிக்கு மேல் குழிக்குள் புதைந்து கிடக்கிறது. அதைச் சுற்றிய தசைநார்களில் ஒன்றுதான் உடம்பிலேயே மிக வலுவானது.

பலன் கண்ணெதிரே தெரியும். கையைப் பக்கவாட்டில் தலைக்கு மேல் 180 பாகை உயர்த்தலாம். உயர்த்தும்போது மறு கையால் முதுகுப்புறத் தோள்பட்டை எலும்பைத் தொட்டுப் பாருங்கள்: அதுவும் சேர்ந்து திரும்பும். அந்த 180இல் ஏறக்குறைய 60 பாகை அதன் பங்கு. காலை அதேபோல் பக்கவாட்டில் தூக்கினால் சுமார் 45 பாகையிலேயே இடுப்பு தடுத்துவிடும்.

எனக்கு மதிப்பு இடுப்பின் மீதுதான். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுபவரின் கை தோளை உருட்டிப் பிடித்துவிடும். அடர்ந்த தசைக்கு அடியில் கிடக்கும் இடுப்பு மூட்டை எந்த விரலும் எட்டாது. ஆனால் அது சுமப்பதைப் பாருங்கள். நடராசர் ஆடும் ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலத்துச் சித்திர சபையில், ஓவியமாக இருக்கும் அவர் வலக்காலை ஊன்றி இடக்காலைத் தூக்கி நிற்கிறார். நாம் ஒற்றைக் காலில் நின்றால் உடல் எடை தூக்கிய கால் பக்கமாகச் சரியப் பார்க்கும். ஊன்றிய இடுப்பின் பக்கவாட்டுத் தசை அதை இழுத்துப் பிடிக்கும். எடையும் இந்த இழுவையும் சேர்ந்து அந்த ஒரு மூட்டை அழுத்துவதால், சுமை உடல் எடையைப் போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு ஆகிறது. நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நமக்கு இதுதான் நடக்கிறது.

அருவிக்கடியில் புலன்களும் கைவிடுகின்றன. கண்ணை மூடிக்கொள்கிறோம், காதில் இரைச்சல் தவிர வேறில்லை. அப்போது நிலைகாப்பது உள்காதின் அரைவட்டக் குழல்களும், உள்ளங்காலின் தொடு உணர்வும், மூட்டுகளிலும் தசைகளிலும் உள்ள உணர்முனைகளும். கால் லேசாக வழுக்கியதுமே, நாம் யோசிப்பதற்குள் இடுப்புத் தசைகள் இறுகிவிடுகின்றன.

தோற்கும் விதத்திலும் இரண்டும் வேறு. தோள் விலகும், உடம்பில் மிக அதிகமாக விலகும் பெரிய மூட்டு அதுவே. கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்தபடி சறுக்கி, கை பின்னால் இழுபட்டால் தோள் முன்பக்கமாக இறங்கிவிடலாம். அதை அங்கேயே யாரும் இழுத்துப் பொருத்தக் கூடாது. அருகில் ஓடும் நரம்பு சிதையலாம். கையை இருக்கும் நிலையிலேயே அசையாமல் துண்டால் தாங்கிக் கட்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். இடுப்பு விலகுவது அரிது, வாகன விபத்து போன்ற பெரிய மோதல் வேண்டும். முதியவர் வழுக்கி விழுந்தால் பெரும்பாலும் மூட்டு விலகாது. தொடை எலும்பின் கழுத்துதான் ஒடியக்கூடும். எலும்புத் தலைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டியே செல்வதால், முறிவோடு அவையும் அறுபடலாம். இரத்தம் கிடைக்காத தலை மெல்லச் செத்துவிடும். எலும்பு விலகிய முறிவாக இருந்தால், முதியவர்களுக்கு ஒட்டவைக்கப் பார்க்காமல் பெரும்பாலும் செயற்கைத் தலையைப் பொருத்திவிடுவது இதனால்தான்.