பேங்காக்கில் மூன்று நாள்: சாப்பாடு, கோயில், உடம்புப்பிடி

பள்ளி விடுமுறைக்கு எங்காவது வெளிநாடு போகலாம், ஆனால் செலவு கைக்கு அடங்க வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தால் முதலில் அடிபடும் பெயர்களில் பேங்காக் ஒன்று. கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரப் பயணம். போய் வந்தவர்களைக் கேட்டால் துணிக்கடை, பேரங்காடி, இரவுச் சந்தை என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பெட்டி கனத்திருக்கும், கால் வீங்கியிருக்கும். அந்த நகரத்தில் நம் நாக்குக்கும் மனத்துக்கும் உடம்புக்கும் ஏற்றவை அதைவிட நிறைய உண்டு. ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும் என்று வைத்துக்கொண்டால் மூன்று நாளில் அவற்றை நிதானமாக அனுபவிக்கலாம். வயதான அப்பா அம்மாவை, அதிலும் இனிப்புநீர், ரத்த அழுத்தம் உள்ளவர்களை அழைத்துச் செல்வோர் சிலவற்றை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவசியம்.

புறப்படும் முன் செய்ய வேண்டியது ஒன்று. 2025 மே முதல் தேதியிலிருந்து தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். சென்று சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத்தின் தளம் அல்ல.

விமானம் ஒத்துவராதவர்களுக்கு ரயில் இருக்கிறது. பாடாங் பெசார் வரை நம் ரயிலில் போய், அந்த நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையையும் முடித்துக்கொண்டு, மாலையில் புறப்படும் தாய்லாந்து ரயிலில் படுத்து உறங்கினால் மறுநாள் காலை பேங்காக். நீண்ட பயணம்தான், ஆனாலும் பிள்ளைகளுக்கு அது ஒரு தனி அனுபவம். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. ரயில் நேரம் பார்க்கும்போதும் மருந்து சாப்பிடும்போதும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம் அடையாளம் உள்ள இடங்கள்

சீலோம் சாலையில், பான் சாலை முனையில், ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் இது. தாய்லாந்துக்காரர்கள் இதை ‘வாட் கேக்’ என்கிறார்கள். ‘கேக்’ என்றால் விருந்தாளி. இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும் அவர்கள் அந்தச் சொல்லால்தான் குறிக்கிறார்கள். நம் ஊர்க் கோயில்களுக்கும் இதற்கும் கண்ணில் படும் ஒரு வேறுபாடு, வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து பௌத்தர்கள் என்பதுதான். செவ்வந்தி மாலையும் தேங்காயும் தட்டில் ஏந்தி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நம்மைவிட ஒழுங்காக நிற்கிறார்கள். நவராத்திரிக் காலத்தில் போக முடிந்தால் இன்னும் சிறப்பு. விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலம் வரும்போது சீலோம் சாலை நெடுகிலும் மக்கள் படையல் மேசை வைத்துக் காத்திருப்பார்கள். சுரசக் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

அதிகம் பேருக்குத் தெரியாத இடம் பழைய நகரத்தில் இருக்கிறது. நகர மண்டபத்துக்கு எதிரே சிவப்பு வண்ணத்தில் உயர்ந்து நிற்கும் ராட்சத ஊஞ்சலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அதன் அருகிலேயே தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில் உள்ளது. பேங்காக் 1782இல் தலைநகரான பிறகு, 1784இல் முதலாம் ராமா மன்னர் காலத்தில் எழுந்தது. சிவன், பிள்ளையார், விஷ்ணு மூவருக்கும் அங்கே தனித்தனிச் சன்னிதி உண்டு. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் சடங்கின் பெயர் ‘திரியம்பவாய் - திரிபவாய்’. இது திருவெம்பாவை, திருப்பாவை என்பதன் திரிபு என்பது அறிஞர்கள் கருத்து. அந்தப் பூசாரிகள் தமிழ் பேசுபவர்கள் அல்லர். ஆனால் கிரந்த எழுத்தில் வழிவழியாக வந்த ஏடுகளை வைத்துக்கொண்டு தேவாரப் பதிகங்களின் சாயல் உள்ள பாடல்களை ஓதுகிறார்கள். ஊஞ்சல் ஆடும் சடங்கு 1935இல் நின்றுவிட்டது, ஓதுவது நிற்கவில்லை. மார்கழியில் நம் கோயில்களில் விடியற்காலை கேட்கும் பாட்டுக்கு இத்தனை தூரத்தில் ஓர் உறவு இருப்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அரண்மனைக்கும் மரகத புத்தர் கோயிலுக்கும் போவோர் காலையிலேயே போய்விடுவது நல்லது. பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். சுற்று மண்டபச் சுவரில் 178 பகுதிகளாக ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், தீட்டப்பட்டுள்ளது. கையில்லாத சட்டைக்கும் அரைக்கால் சட்டைக்கும் அனுமதி இல்லை. பெண்களுக்குப் பஞ்சாபி உடை போதும். வாசலுக்குச் சற்றுத் தள்ளி யாராவது சிரித்த முகத்தோடு வந்து “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு இடம் காட்டுகிறேன்” என்றால் காதில் வாங்காமல் நடந்துகொண்டே இருங்கள். அந்த ‘வேறு இடம்’ கடைசியில் ஒரு நகைக்கடையாக இருக்கும்.

வாட் அருண் கோயிலின் பெயர் சூரியனின் தேரோட்டியான அருணனிடமிருந்து வந்தது. தா தியென் படகுத்துறையிலிருந்து சில நிமிடங்களில் ஆற்றைக் கடந்துவிடலாம். சாவ் பிரயா ஆற்றில் ஓடும் பயணிகள் படகு டாக்சியைவிட மலிவு, நெரிசலும் கிடையாது. சபான் தக்சின் ரயில் நிலையத்தின் கீழேயே படகு ஏறலாம்.

சாப்பாடு

நம் ஊர்த் தொம்யாம் கடைச் சுவையை எதிர்பார்த்துப் போனால் பேங்காக் தொம்யாம் வேறு மாதிரி இருக்கும். புளிப்பும் காரமும் தூக்கலாக, குழம்பு சற்று மெலிதாக இருக்கும். சாலையோரக் கடைகளில் பகல் சாப்பாட்டுக்குப் ‘பாட் கப்ராவ்’ கேட்டுப் பார்க்கலாம். இறைச்சியை மிளகாய், பூண்டோடு பெருந்தீயில் வதக்கி, கை நிறைய இலையைப் போட்டுக் கிளறிச் சோற்றின் மேல் கொட்டி, பொரித்த முட்டை ஒன்றை வைத்துத் தருவார்கள். அந்த இலை வேறொன்றுமில்லை, நாம் மாடத்தில் வைத்துக் கும்பிடும் துளசியேதான். வீட்டில் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது!

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ‘நுவா’ என்ற சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அது மாட்டிறைச்சியைக் குறிக்கும். ‘மூ’ பன்றி, ‘காய்’ கோழி, ‘கூங்’ இறால். சைவக்காரர்களுக்குத்தான் உண்மையான சோதனை. வெறும் காய்கறி என்று கேட்டு வாங்கினாலும் அதில் ‘நாம் பிளா’ என்ற மீன் சாறு இருக்கும், பல சம்பல்களில் நம் பெலாச்சானின் உறவான ‘கப்பி’ இருக்கும். சமைப்பவருக்கு அது உப்பு மாதிரி. அசைவம் என்று அவர் நினைப்பதே இல்லை. ‘மாய் சாய் நாம் பிளா’ என்றால் மீன் சாறு போடாதீர்கள் என்று பொருள். அதைவிடப் பாதுகாப்பான சொல் ‘ஜே’. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்டிருக்கும் கடைகள் ‘ஜே’ கடைகள். அங்கே இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. அம்பாங்கிலும் பினாங்கிலும் சீனர்கள் கொண்டாடும் ஒன்பது பேரரசர் திருவிழா நடக்கும் அதே நாள்களில், பேங்காக்கின் யாவாராட் சீனர் நகரம் முழுவதும் இந்த மஞ்சள் கொடி பறக்கும். சைவக் குடும்பங்கள் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் போனால் சாப்பாட்டுக் கவலையே இல்லை. நம் சாப்பாடு வேண்டும் என்று நாக்கு கேட்டால் துணிச் சந்தைக்குப் பேர்போன பஹுராட் பகுதிக்குப் போங்கள். சீக்கியர்களின் பெரிய குருத்வாராவைச் சுற்றி ரொட்டி, பருப்பு, இனிப்பு எல்லாம் கிடைக்கும்.

மாம்பழமும் தேங்காய்ப்பாலில் ஊறிய புளுட் சோறும் மார்ச் முதல் மே வரை சுவையின் உச்சத்தில் இருக்கும். இனிப்புநீர் உள்ளவர்கள் ஒரு தட்டை நால்வராகப் பகிர்ந்துகொள்ளலாம். தாய்லாந்துத் தேநீரிலும் பழச்சாற்றிலும் சீனி தாராளம். ‘வான் நொய்’ என்றால் இனிப்புக் குறைவாகத் தருவார்கள்.

உடம்புப்பிடி

வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் சயன புத்தர் படுத்திருக்கிறார். அவரைப் பார்த்துவிட்டு வெளியே ஓடிவிடாதீர்கள். மூன்றாம் ராமா மன்னர் அந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது மருத்துவக் குறிப்புகளையும் உடம்பின் நரம்போட்டப் படங்களையும் கல்லில் வெட்டிப் பதித்தார். யாரும் வந்து படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பது நோக்கம். தாய்லாந்து உடம்புப்பிடியின் அடிப்படை அந்தக் கல்வெட்டுகளில் இருக்கிறது. முக்கிய ஓட்டப் பாதைகளில் இரண்டின் பெயர் ‘இதா’, ‘பிங்கலா’. நம் யோக நூல்கள் சொல்லும் இடகலை, பிங்கலையேதான். தோட்டத்தில் உடலை வளைத்து நிற்கும் முனிவர் சிலைகளுக்கு ‘ரூசி’ என்று பெயர், அதாவது ரிஷி. 1955இல் அங்கே உடம்புப்பிடிப் பள்ளி தொடங்கப்பட்டது. 2019இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எண்ணெய் கிடையாது. தொளதொளப்பான உடையில் பாயில் படுக்க வைத்து, கட்டைவிரலாலும் முழங்கையாலும் அழுத்தி, கை காலை இழுத்து வளைப்பார்கள். வலிதான் மருந்து என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ‘பாவ் பாவ்’ என்றால் மெதுவாகச் செய்வார்கள். மூலிகை ஒத்தடமும் உண்டு. மஞ்சள், செராய், லிமாவ் பூருட், சூடம் எல்லாம் துணியில் கட்டி, ஆவியில் சூடேற்றி ஒற்றுவார்கள். தோட்டத்துப் பாட்டிகளின் நொச்சி ஒத்தடம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஆனால் எல்லா உடம்புக்கும் இது ஆகாது. கட்டுப்படாத ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பது, கர்ப்பம் இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைப் பிடித்து விடச் சொல்லவே கூடாது. ரத்தக்கட்டியாக இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

இனிப்புநீரால் கால் மரத்துப்போனவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாத உடம்புப்பிடியில் மரக்குச்சியால் அழுத்துவார்கள். தோல் கிழிந்தாலும் தெரியாது. ஒத்தடம் சுட்டாலும் தெரியாது. வெயிலில் காய்ந்த கோயில் தளத்தில் வெறுங்காலோடு நடந்தாலும் அதே கதைதான். கையில் ஒரு ஜோடி காலுறை இருக்கட்டும். இரவில் பாதத்தை யாராவது ஒருவர் வெளிச்சத்தில் பார்த்துவிடுவது நல்லது. மருந்து போட்டுவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுக்கவும் கூடாது.

கஞ்சா இலைப் படம் போட்ட கடைகளையும் அங்கே பார்க்கலாம். பானம், பிஸ்கட், தைலம் என்று பல வடிவில் விற்கிறார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் வேண்டாம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் அது குற்றம். மலேசியாவுக்குள் கொண்டுவந்தாலும் கடும் தண்டனை. மின்சிகரெட்டுக்குத் தாய்லாந்திலேயே தடை.

காசு செலவழிக்காமல் உடம்புக்கு நல்லது செய்ய லும்பினி பூங்கா இருக்கிறது. புத்தர் பிறந்த ஊரின் பெயர் அது. காலையில் முதியோர் கூட்டமாக உடற்பயிற்சி செய்வார்கள், ஏரிக்கரையில் பெரிய உடும்புகள் நடமாடும். காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும்போது எல்லாரும் அப்படியே நின்றுவிடுவார்கள். நாமும் நிற்க வேண்டும்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

பேங்காக்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டரில் காஞ்சனாபுரி. 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையில் நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் புல் வெட்டி, பெயர் பொறித்து அழகாக இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. அவர்கள் நினைவாக வாட் தாவோர்ன் வராராம் கோயில் வளாகத்தில் நடுகல் எழுப்பப்பட்டுள்ளது. ‘சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை’ என்ற பேச்சு உள்ள குடும்பங்கள் ஒரு முழ மாலையோடு அங்கே போய் வரலாம். தோன்புரி நிலையத்திலிருந்து காலையில் புறப்படும் சாதாரண ரயில், குவாய் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, அந்தப் பழைய பாதையிலேயே நாம் தோக் வரை ஓடுகிறது. குளிர்சாதன வசதி கிடையாது. தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள்.