சோழவரம் ஓடுதளமும் வடசென்னையின் எஞ்சின் மரபும்

மோட்டார்ப் பந்தயத்தின் வரலாறு பெரும்பாலும் ஓட்டுநர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் எஞ்சினைச் செப்பனிட்ட கைகளும் பந்தயத்துக்கு இடம் தந்த நிலமும் அவ்வரலாற்றில் சம உரிமை உடையவை. 1930-களின் இறுதியில் கலிபோர்னியாவில் பரவிய கம்பிக் கார்ப் பந்தயம் இதற்குத் தெளிவான சான்றாகும். முழங்கை நீளமே உள்ள காரில் சிறிய பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தி, நடுக்கம்பத்தோடு எஃகுக் கம்பியால் பிணைத்து வட்டமாக ஓடவிடும் அப்பந்தயத்தில் ஓட்டுநருக்கு இடமே இல்லாததால், வெற்றியும் தோல்வியும் அதனைச் செய்தவரின் கைத்திறனையே சார்ந்திருந்தன. அத்தகைய கைத்திறன் முழு அளவு வண்டிகளில் சோதிக்கப்பட்ட களமாகச் சென்னையின் வடக்கே சோழவரம் விளங்கியது.

செங்குன்றத்தைக் கடந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் அமைந்துள்ள சோழவரம், சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியால் பலரும் அறிந்த ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே போர் விமானங்களுக்கென ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. விமானத்தின் எடையைத் தாங்கும் உறுதியும், சமதளமும், அகலமும் கொண்ட அத்தகைய தளங்கள் போர் முடிந்தபின் பந்தயக்காரர்களுக்குப் பயன்பட்டன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் விமானத்தளம் 1948-இல் பந்தயக் களமாக மாறியதும் இவ்வாறே. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தில் நடத்திய பந்தயங்கள் அடுத்த பல ஆண்டுகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் போட்டியாளர்களை ஈர்த்தன.

அதே காலத்தில் கடலோரமாக இராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை ஒரு தொழில் வட்டாரம் உருவாகிக்கொண்டிருந்தது. 1948-இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று; அதே 1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் புல்லட் மோட்டார் சைக்கிள்களை முதலில் இறக்குமதிப் பாகங்களைக் கொண்டு பூட்டி, பின்னர் பாகங்களையும் தானே வார்த்துக் கடைந்தது. இவற்றைச் சுற்றி லேத் பட்டறைகள் பெருகின. காசிமேட்டில் விசைப்படகுகளின் டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் மெக்கானிக்குகளும் இதே அறிவுமரபைச் சேர்ந்தவர்களே.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த அக்காலத்தில் அயல்நாட்டுப் பந்தயக் கார்கள் அரிதாகவே கிடைத்தமையால், சாலையில் ஓடிய வண்டிகளையே பந்தயத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருந்தது. சிலிண்டரின் மூடியாகிய ஹெட்டைச் சற்றே இழைத்தால் எரிகலவை மேலும் அழுத்தப்பட்டு விசை கூடும். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கினால் உள்ளே செல்லும் கலவையின் அளவு கூடும். தேவையற்ற தகடுகளைக் கழற்றினால் எடை குறையும். அளவு சற்றே பிசகினாலும் எஞ்சின் இறுகி நின்றுவிடும் என்பதால், இவ்வேலை நுண்ணிய கணிப்பையும் பழகிய விரல்களையும் வேண்டியது.

1990-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயத் தளம் திறக்கப்பட்டதும் பந்தயம் வடக்கிலிருந்து தென்மேற்கே பெயர்ந்தது. கோவையின் எஸ். கரிவரதன் மாருதி எஞ்சினைக் கொண்டு வடிவமைத்த ஃபார்முலா மாருதி கார்கள் புதிய தலைமுறையை உருவாக்கின. அவற்றில் பயின்ற நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரானார். இருங்காட்டுக்கோட்டையில் பின்னர் ஹூண்டாய் தொழிற்சாலை எழுந்தது. 2013-இல் அதே வட்டாரத்தின் ஒரகடத்தில் புல்லட்டுக்கும் புதிய ஆலை அமைந்தது. பந்தயம் முன்செல்ல எஞ்சின் தொழில் பின்தொடர்ந்த இவ்விடப்பெயர்ச்சி, இரண்டும் ஒரே நிலத்தைத் தேடுபவை என்பதைக் காட்டுகிறது. எனவே சோழவரத்தின் வரலாறு ஒரு சிலரின் பொழுதுபோக்குக் கதையாகச் சுருங்காமல், எண்ணூர், திருவொற்றியூர்ப் பட்டறைகளின் வரலாற்றோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும்.