கோகர்ணத்து ஆவினமும் அதன் பரம்பரைச் சுவடும்

திருக்கோணமலையின் பழம்பெயர்களுள் கோகர்ணம் என்பதும் ஒன்று. மகாவம்சம் இதனைக் கோகண்ண என்று குறிக்கும். ஆவின் செவி என்பது அதன் பொருள். பெயரிலேயே ஆவைத் தாங்கிய இத்துறைமுகத்தின் வரலாற்றை எழுதியோர் கோயிலையும் கோட்டையையும் கப்பலையும் விரித்துரைத்தனர். ஆவினத்தைப் பெரிதும் கருதினாரல்லர்.

1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிற் சிறைப்பட்ட இறொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இருந்து தப்பி, 1681இல் வெளியிட்ட நூலில் மாடுகளைக் கொண்டு உழுவதையும் சூடு மிதிப்பதையும் விவரித்துள்ளார். தம்பலகாமம், மூதூர் வயல்களிலும் உழவு இயந்திரம் வரும்வரை அவ்வேலைகள் மாட்டினாலும் எருமையினாலுமே நடந்தன. பெரும்போகத்தில் வயல் விதைத்ததும் பட்டிகளைக் காட்டுப்புறம் சாய்ப்பதும், அறுவடையின்பின் அரிதாளில் மேயவிடுவதும் பட்டிக்காரர் வழக்கம். சிற்றுருவும் திமிலும் உடைய நாட்டுமாடு இவ்வாழ்வுக்கு ஏற்றது. வெயிலையும் உண்ணியையும் அது தாங்கும். பாலோ நாளொன்றுக்கு ஓரிரு போத்தலே.

இம்மாடு எவ்வழி வந்தது? உலகின் மாடுகள் இருபெருங் கிளையின. திமிலற்ற கிளை ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவிற் பழக்கப்பட்டது. திமிலுடைய கிளை ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்துவெளிப் புறத்திற் பழக்கப்பட்டது. இலங்கையின் நாட்டுமாடு பின்னையதன் வழித்தோன்றலாகும்.

கல்வெட்டு உரைக்காத இவ்வழியைப் பரம்பரையலகுகள் ஓரளவு உரைக்கின்றன. அவற்றுள் ஒன்று வளர்ச்சி ஓமோனுக்குரியது. கபச்சுரப்பி சுரக்கும் இவ்வோமோனை மாட்டிலிருந்து லீ, இவான்ஸ் என்போர் 1944இற் பிரித்தெடுத்தனர். இதனை ஆக்கும் அலகு மாட்டின் 19ஆம் நிறமூர்த்தத்தில் உள்ளது. ஓமோனின் 127ஆம் இடத்தில் சில மாடுகளுக்கு லியூசீன் என்னும் அமினோ அமிலமும், சிலவற்றுக்கு வலீனும் அமையும். இந்தியத் திமில் மாடுகளிற் பெரும்பாலும் லியூசீனே காணப்படும். யேர்சி இனத்தில் வலீன் ஒப்பளவில் மிகுதி. இவ்வலகிலேயே குறித்த ஒரு நொதியத்தால் வெட்டப்படாத பிறிதொரு வடிவமும் உண்டு. அவ்வடிவம் இந்தியத் துணைக்கண்டத்தில் மிக்கும் வடஐரோப்பாவில் அருகியும் காணப்படுவதை மொறிஸ் சொல்லரும் பிறரும் 2000ஆம் ஆண்டிற் காட்டினர். அது துணைக்கண்டத்தில் தோன்றி, மேற்கே பரவியது என்பது அவர் கருத்து. இவ்வேறுபாடுகளைப் பாலளவோடு பொருத்திப் பார்த்த ஆய்வுகளின் முடிவு இனத்துக்கினம் மாறுபடுகிறது. ஓரலகைக் கொண்டு பசுவின் தரத்தை அளப்பது அவசரமேயாகும்.

பால் பெருக்கும் நோக்குடன் யேர்சி, சாகிவால் முதலிய இனங்கள் இலங்கையில் நாட்டுமாட்டோடு கலக்கப்பட்டன. பால் வேண்டுவோர் அதனைக் குறைகூறவியலாது. 1983 முதல் 2009 வரையான போரிலோ கிழக்கின் பட்டிகள் பல சிதறின. எஞ்சிய நாட்டுப்பசுவை வேற்றினக் காளையோடு சேர்த்தால் கன்றில் அதன் பரம்பரைப் பங்கு பாதியாகும். அவ்வாறே தொடரின் மூன்றாந் தலைமுறையில் எட்டிலொன்றே மிஞ்சும். அச்சுவடு கரையுமுன் அதனைப் பதிந்துவைக்க, வேரோடு பிடுங்கிய சில வால்மயிர்களே போதும்.