சென்னைக் கிறித்தவக் கல்லூரி

சென்னைக் கிறித்தவக் கல்லூரி, கிழக்குத் தாம்பரத்தில் அமைந்துள்ள கலை, அறிவியல் கல்லூரி. தென்னிந்தியாவின் பழைய கல்லூரிகளுள் ஒன்று. மாணவர் வழக்கில் ‘எம்.சி.சி.’. ஸ்காட்லாந்துத் திருச்சபையைச் சேர்ந்த குருமார் 1835-இல் எழும்பூரில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய பள்ளியே இதன் வேர்.

எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயத்தின் குருமாரான ஜார்ஜ் லாரி, மாத்யூ பவுவி இருவரும் அந்தப் பள்ளியைத் தொடங்கினார்கள். ஆலயப் பணியோடு பள்ளியையும் நடத்துவது கடினமாகவே, இதற்கென்று ஒரு மிஷனரியை அனுப்பும்படி தாய்ச் சபைக்கு எழுதினார்கள். 1837-இல் வந்து சேர்ந்தவர் ஜான் ஆன்டர்சன். அவர் ஆர்மேனியன் தெருவில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, 59 பையன்களோடு ‘ஜெனரல் அசெம்பிளி பள்ளி’யை நடத்தத் தொடங்கினார். ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப்பேரவைக்கு ஜெனரல் அசெம்பிளி என்று பெயர். பள்ளியின் பெயர் அதிலிருந்து வந்தது. ஆங்கிலமும் விவிலியமும் அங்கே ஒன்றாகவே கற்பிக்கப்பட்டன. பெற்றோருக்கு வேண்டியிருந்தது முதலாவது. ஆன்டர்சன் கடல் கடந்து வந்தது இரண்டாவதற்காக. பள்ளியின் முதல் இருபது ஆண்டுச் சண்டைகளில் பெரியவை இந்த முரணிலிருந்து வந்தவை.

முதல் சண்டை சாதியால் வந்தது. 1838-இல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் சிலர் பள்ளியில் சேர்ந்திருப்பது தெரியவந்ததும், அவர்களை நீக்க வேண்டும் அல்லது தனி பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும் என்று மற்றப் பெற்றோர் வற்புறுத்தினர். ஆன்டர்சன் மறுத்துவிட்டார். பலர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும் பெஞ்சு பிரிக்கப்படவில்லை. அடுத்தது இதைவிடப் பெரியது. 1841-இல் ராஜகோபால், வெங்கடராமையா என்ற இரு மாணவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஊரே கொதித்தது. நூற்றுக்கணக்கில் இருந்த மாணவர் வருகை சில பத்துகளாகச் சுருங்கியது. மதம் மாற்றாமல் ஆங்கிலம் கற்றுத்தரும் பள்ளி வேண்டும் என்ற எண்ணம் சென்னை இந்துக்களிடையே வலுத்த காலம் இது. பச்சையப்பன் அறநிதியின் பள்ளி 1842-இல் தோன்றியதை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

1843-இல் ஸ்காட்லாந்தில் திருச்சபை இரண்டாகப் பிளந்தபோது ஆன்டர்சன் சுயாதீனத் திருச்சபையின் பக்கம் சேர்ந்தார். பள்ளியும் அவரோடு போனது. பின்னர் எஸ்பிளனேடுக்கு இடம்பெயர்ந்தது. ஆன்டர்சன் 1855-இல் காலமானார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே அவர் பெயரில் இன்றும் ஓர் ஆலயம் இருக்கிறது.

பள்ளியைக் கல்லூரி ஆக்கியவர் வில்லியம் மில்லர். 1862 டிசம்பரில் சென்னைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. 1865-இல் ஒருசில மாணவர்களைக் கொண்டு கல்லூரி வகுப்பு தொடங்கியது; இரண்டாண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும் கிடைத்தது. சிறிய மிஷன்கள் தனித்தனியே கல்லூரி நடத்தி நலிவதைவிட எல்லோரும் சேர்ந்து ஒன்றை உருப்படியாக நடத்தலாம் என்பது மில்லரின் வாதம். அதன்படி சர்ச் மிஷனரி சங்கமும் வெஸ்லியன் மிஷனும் கைகோக்க, 1877-இல் ‘சென்னைக் கிறித்தவக் கல்லூரி’ என்ற பெயர் வந்தது.

மில்லர் செய்த பெரிய மாற்றம் கட்டடத்திலோ பெயரிலோ இல்லை. ஞானஸ்நானக் கணக்கை வைத்துக் கல்லூரியை அளக்கக் கூடாது என்றார். கல்வியின் வழியாகக் கிறித்தவச் சிந்தனை சமூகத்தில் மெல்லப் பரவினால் போதும் என்பது அவர் நிலை. தாய்நாட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. சென்னையிலோ அவர் உயிரோடிருந்தபோதே, 1901-இல், அவருக்குச் சிலை எழுப்பினார்கள். அதே ஆண்டில் அவர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் ஆனார்.

ஆசிரியர் நிலையும் மாணவர் மனமும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. கல்லூரி இதழ் 1884 செப்டம்பரில், தியாசபிகல் சங்கத்தின் பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதியவை என்று சில கடிதங்களை வெளியிட்டு, அவருடைய அற்புதங்கள் பித்தலாட்டம் என்று சாடியது. அவ்வாண்டு இறுதியில் அவர் சென்னைக்குத் திரும்பியபோது வரவேற்கத் திரண்டவர்களில் இக்கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள்!

தமிழுக்கு இக்கல்லூரி தந்தது, அதை நிறுவியவர்கள் நினைத்துப் பார்த்திராதது. டென்னிசன் கவிதையில், துடுப்பு வீசிச் செல்லும் படகை அன்னத்துக்கு ஒப்பிடும் இடத்தை மில்லர் நடத்திக்கொண்டிருந்தபோது, இதைப் போல ஓர் உவமை தமிழில் உண்டா என்று கேட்டதாகவும், சூரியநாராயண சாஸ்திரி என்ற மாணவர் உடனே எழுந்து கம்பனில் குகன் ஓடம் செல்லும் பாடலை எடுத்துச் சொன்னதாகவும் கூறுவர். அந்த மாணவர்தான் பிற்காலத்தில் பரிதிமாற் கலைஞர். 1893 முதல் அதே கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். 1898-இல் வந்து சேர்ந்த வேதாசலம், அதாவது மறைமலை அடிகள், 1911 வரை இங்கே தமிழ் கற்பித்தார். தனித்தமிழ் இயக்கத்தின் மூலவரும் ஊறிய சைவருமான ஒருவர் பதின்மூன்று ஆண்டுகள் மிஷன் சம்பளத்தில் தமிழ் கற்பித்தது, மில்லர் கொள்கையின் நல்ல பக்கம். எஸ். ராதாகிருஷ்ணன் இங்கே தத்துவம் படித்தார், ஆசிரியர் ஏ. ஜி. ஹாக். இந்து சமயத்தைப் பற்றி மிஷனரிகள் வைத்த விமர்சனங்களே தம்மை வேதாந்தத்தை ஆழ்ந்து கற்கத் தூண்டின என்று ராதாகிருஷ்ணன் பின்னாளில் எழுதினார்.

எஸ்பிளனேடு நெரிசலில் இடம் போதாமல், 1937-இல் கல்லூரி தாம்பரத்துக்கு மாறியது. சேலையூர்க் காட்டில் ஏறத்தாழ 365 ஏக்கர். அப்போது அது பெரும்பாலும் புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் இயற்கைக் காட்டைக் காத்து, புதிய மரங்களையும் நட்டு வளாகத்தை உருவாக்கினார்கள். புள்ளிமான்கள் இன்றும் அங்கே திரிகின்றன. சேலையூர் ஹால், புனித தோமா ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்ற மூன்று விடுதிகள் வளாகத்தின் பழைய அடையாளங்கள். பழைய மாணவர்கள் ஊரைச் சொல்வதற்கு முன் ஹாலின் பெயரைச் சொல்வார்கள். 1938 டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு இந்த வளாகத்தில்தான் கூடியது.

முதல் இந்திய முதல்வர் சந்திரன் தேவநேசன் 1962-இல் பொறுப்பேற்றார். 1978-இல் கல்லூரிக்குத் தன்னாட்சி கிடைத்தது. பள்ளிப் பகுதி தனியாகப் பிரிந்து, சேத்துப்பட்டில் மேல்நிலைப் பள்ளியாக இயங்கிவருகிறது.