சூரிய இல்லம் (தாயோ நோ இயே)

ஜப்பானின் கியூஷூ தீவில், வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பெப்பு நகரில் 1965 அக்டோபரில் தொடங்கப்பட்ட நிறுவனம். மாற்றுத்திறனாளிகளைப் பராமரித்தால் போதும் என்றிருந்த நாட்டில், அவர்களைச் சம்பளக்காரர்களாக்கியது இதன் சாதனை.

நிறுவனர் யுடாகா நகாமுரா (1927–1984) பெப்புவில் பிறந்த எலும்பு மருத்துவர். 1960இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனைக்குச் சென்றார். முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கு லுட்விக் குட்மன் அங்கே விளையாட்டையே சிகிச்சையாகக் கொடுத்துவந்தார். அவர்களில் நூற்றுக்கு 85 பேர் ஆறே மாதத்தில் வெளியுலகுக்குத் திரும்பிவிடுவதை நகாமுரா கண்டார். ஜப்பானில் அத்தகைய நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்கள். ஊர் திரும்பியவர் 1961இல் பெப்பு இருக்கும் ஓயிட்டா மாகாணத்தில் அவர்களுக்கு விளையாட்டுப் போட்டி நடத்தினார். முடியாதவர்களைக் கூட்டிவந்து வேடிக்கை காட்டுகிறார் என்று ஏச்சு விழுந்தது. மறு ஆண்டு இரண்டு வீரர்களை ஸ்டோக் மாண்டவிலில் நடந்த விளையாட்டுப் போட்டிக்கு அனுப்பத் தன் காரையே விற்றார். மனிதர் பிடிவாதக்காரர்.

1964 டோக்கியோ பாராலிம்பிக்கில் ஜப்பான் அணிக்குத் தலைமை தாங்கியது அவர்தான். வெளிநாட்டு வீரர்கள் வேலை, குடும்பம், சொந்த வருமானம் என்று வாழ்பவர்கள். போட்டி முடிந்ததும் கடைவீதிக்குக் கிளம்பினார்கள். ஜப்பானியரில் பெரும்பாலோர் மருத்துவமனையிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்தவர்கள், திரும்பியதும் அங்கேதான். பதக்கத்தைவிட வேலை முக்கியம் என்று நகாமுரா முடிவுகட்டினார். அடுத்த ஆண்டே இல்லம் எழுந்தது. அதற்குப் பெயர் சூட்டியவர் நாவலாசிரியர் சுதோமு மிசுகாமி.

மூங்கில் வேலை, மரவேலை, தையல் என்று தொடங்கினார்கள். கூலி கட்டுப்படியாகவில்லை. பெரிய கம்பெனிகள் பல கைவிரித்தபின், மின்பாகக் கம்பெனியான ஓம்ரானின் நிறுவனர் கசுமா டடெய்சி கூட்டுத் தொழிலுக்கு இசைந்தார். அவர் கொடுத்தது நன்கொடை அல்ல, முதலீடு. 1972இல் கூட்டு நிறுவனமாக 'ஓம்ரான் தாயோ' பிறந்தது. ரிலேக்களுக்கான சாக்கெட் போன்ற மின்பாகங்கள் செய்தது.

அதன் தொழில்நுட்பம் ஒரே வரியில் அடங்கும்: ஆளை மாற்றாதே, மேசையை மாற்று. ஒரு கைக்காரருக்குப் பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஜிக், சக்கர நாற்காலிக்கு ஏற்ற உயரம், விரலசைவு குறைந்தவருக்குப் பாதித் தானியங்கி இயந்திரம் எனத் தேவைப்பட்டதைத் தொழிற்சாலைக்குள்ளேயே செய்துகொண்டார்கள்.

பிறகு சோனி (1978), ஹோண்டா (1981), மிட்சுபிஷி வணிக நிறுவனம் (1983), டென்சோ (1984) எனப் பங்காளிகள் சேர்ந்தனர். இசைப்பதிவுக் கூடங்களில் விலை உயர்ந்த பொருளாக மதிக்கப்படும் சோனி சி-800ஜி மைக்ரோபோன் சோனி தாயோவின் தயாரிப்பு. இல்ல வளாகத்தில் வங்கிக் கிளையும் பல்பொருள் அங்காடியும் உண்டு. அக்கம்பக்கத்தாரும் அங்கேதான் வாங்குகிறார்கள்.

1976இல் சட்டம் ஜப்பானியத் தனியார் நிறுவனங்களின் வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 1.5 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்கியது. குறைவுக்குக் கட்டணம் வசூலித்தது. ஓம்ரான் தாயோ போன்ற தனித் துணை நிறுவனங்களின் ஊழியர்கள் தாய் நிறுவனத்தின் கணக்கில் சேர்கின்றனர். இது ஒதுக்கிவைப்பதுதான் என்போர் உண்டு. கதவே திறக்காத காலத்தில் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

2018இல் அரசு அமைச்சகங்களே தம் மாற்றுத்திறனாளி ஊழியர் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டிவந்தது அம்பலமாயிற்று. தனியார் ஒதுக்கீடு 2024 ஏப்ரல் முதல் 2.5 விழுக்காடு, 2026 ஜூலைக்கு நிர்ணயித்த அளவு 2.7.